முதல் முறை காவடி எடுப்பவருக்கு: மொரீஷியஸ் தைப்பூச வழிகாட்டி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று வந்தது. தை மாதப் பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேலைக்கோ படிப்புக்கோ வந்து, அல்லது கல்யாணமாகி இங்கே குடியேறி, முதல் முறையாகக் காவடி எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கத்ர் போர்ன் மலைக்கோவிலானாலும், போர் லூயி கைலாசம் கோவிலானாலும், ஊர்ப்புறத்துச் சின்னக் கோவிலானாலும் அடிப்படை வேலைகள் ஒன்றுதான்.

காவடியில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று உங்களுக்கும் முருகனுக்கும் நடுவே உள்ளது: விரதம், வேண்டுதல், தோளில் ஏறும் சுமை. மற்றது உங்களுக்கும் ஊருக்கும் நடுவே உள்ளது: வரிசை, சமையல், பந்தி, துப்புரவு. முதல் ஆண்டில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். தானே செய்ய வேண்டியதை வீட்டார் தலையில் கட்டிவிட்டு, ஊரிடம் விட வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

கொடி ஏறுவதற்கு முன்: நான்கு வாரம்

முதலில் கோவில் சங்கத்திடம் பெயர் கொடுங்கள். இங்கே சங்கத்தை சொசியேத்தே என்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை: கொடியேற்றம் எந்த நாள், காப்பு கட்ட எத்தனை மணிக்கு வர வேண்டும், ஊர்வலம் எங்கிருந்து புறப்படும், எவ்வளவு தூரம், உடை என்ன நிறம், வெங்காயமும் பூண்டும் பத்து நாளும் விலக்கா. கடைசிக் கேள்விக்குக் கோவிலுக்குக் கோவில் பதில் மாறும். தீட்டு விதிகளும் அப்படித்தான். குடும்பத்தில் இறப்போ பிறப்போ நேர்ந்திருந்தால் மறைக்காமல் பூசாரியிடம் சொல்லிக் கேளுங்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்றால் சமையற்கட்டுக்கோ ஊர்வலத் தொண்டுக்கோ பெயர் கொடுக்கலாம்.

அடுத்து, என்ன எடுப்பது என்ற முடிவு. பால்குடம், மரக்காவடி, அலகு என்று படிப்படியாக ஏறுவதுதான் நல்லது. முதல் ஆண்டே முதுகிலும் மார்பிலும் 108 ஊசி குத்திக்கொள்ளும் ஆசை இளைஞர்களுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் குத்திக்கொண்டான் என்பது அதற்குக் காரணமாகக் கூடாது. உங்கள் வேண்டுதலை ஒரே வாக்கியத்தில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். அதில் இன்னொருவர் பெயரோ படம் எடுக்கும் எண்ணமோ இருந்தால், இந்த ஆண்டு பால்குடம் போதும்.

வீட்டில் உள்ளவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். பத்து நாளும் வீட்டு அடுப்பில் மீன் கிடையாது, தனிப் பாத்திரம், தனிப் படுக்கை என்றால் அந்தப் பாரம் முழுவதும் சமைப்பவர்மேல் விழும். விரதம் இருப்பவர் தன் பாத்திரத்தைத் தானே கழுவி, தன் துணியைத் தானே துவைத்து, முடிந்தால் தன் சோற்றைத் தானே வடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பார்வையில் இதுதான் விரதத்தின் முதல் வேலை.

வேலையிடத்தில் விடுப்புக்கும் இப்போதே எழுதிக்கொடுங்கள். காவடி நாள் மட்டும்தான் விடுமுறை. காவடி கட்டும் முந்தின நாளும் உடம்பு ஆறும் மறுநாளும் உங்கள் விடுப்புக் கணக்கில்தான் போகும்.

கால்களைப் பழக்குங்கள். ஜனவரி, பிப்ரவரி இங்கே உச்சக் கோடை. முற்பகலிலேயே தார் கொதிக்கும். நான்கு வாரம் முன்பிருந்து தினமும் பத்து நிமிடம் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் அரை மணிக்குக் கொண்டுவாருங்கள். மணல் வேண்டாம், சாலையிலேயே நடங்கள். பாதத்தில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் போட்டு ஆற்றிக்கொள்ளுங்கள். ஆனால் தோலைச் சுரண்டி மெல்லியதாக்கக் கூடாது. அந்தத் தடித்த தோல்தான் அன்று உங்கள் செருப்பு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒருவேளை உணவு விரதத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. அவர்கள் எடுக்க வேண்டியது நிழலில் செய்யும் தொண்டு. முருகன் அதையும் ஏற்பான்.

பத்து நாள் விரதம்

இங்கே இதைக் கரேம் என்பார்கள். கொடியேற்றத்தன்று மஞ்சள் நூலில் காப்புக் கட்டியதும் தொடங்கும். மரக்கறி உணவு, மது கிடையாது, புகை கிடையாது, பிரம்மசரியம், தரையில் பாய், காலை மாலை குளியல், மாலையில் கோவில் பூசை. பலர் ஒருவேளைதான் சாப்பிடுவார்கள். பகலில் உடல் உழைப்பு வேலை செய்பவர்கள் இரண்டு வேளை எளிய உணவு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் குறைக்கவே வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள்தான் கஷ்டம். தேநீரும் சிகரெட்டும் விட்டவர்களுக்குத் தலைவலி வரும், எரிச்சல் வரும். அந்த எரிச்சலை வீட்டாரிடமும் கோவிலில் கூட வேலை செய்பவர்களிடமும் காட்டிவிட்டால் பட்டினி கிடந்ததில் பாதி வீண். அதனால் தேநீரைக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே படிப்படியாகக் குறைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ குடிவந்தவர்கள் மாலைப் பூசையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வீட்டுமொழி கிரியோல். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்களும், 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் இவர்களின் முன்னோர். பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துத்தான் பலர் பாடுவார்கள், உச்சரிப்பு மாறும், மெட்டும் நீங்கள் கேட்டதாக இருக்காது. பூசை நடுவே திருத்தாதீர்கள். இத்தனை தலைமுறை அந்தப் பாட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள். உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும் என்றால், காவடி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சங்கத்திடம் கேளுங்கள்.

காவடி கட்டுதல்

சட்டத்தை வாங்கலாம், இரவல் கேட்கலாம், செய்யலாம். செய்வதானால்: அடிப்பலகை 90 செ.மீ. நீளம், 25 முதல் 30 செ.மீ. அகலம். மேலே வளைவுக்கு மூங்கில் பத்தை, இரண்டு விரல் அகலம். பச்சை மூங்கில் கிடைக்காவிட்டால் காய்ந்த பத்தையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து வளையுங்கள். ஊறாமல் வளைத்தால் நடுவில் பிளக்கும், பிளந்த சிம்பு கழுத்தில் குத்தும். வளைவின் உச்சி பலகையிலிருந்து 50 செ.மீ. இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் காற்றில் ஆடும். தோளில் படும் இடத்தில் பழைய பருத்தி வேட்டியை எட்டாக மடித்துத் தையுங்கள். பஞ்சுத் தலையணை வியர்வையில் ஊறிக் கனக்கும்.

பூ, தென்னங்குருத்து, மயிலிறகு, இரண்டு பக்கமும் பால் சொம்பு எல்லாம் சேர்ந்து ஐந்து முதல் ஆறு கிலோவில் நிற்கட்டும். வீட்டில் தராசில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கட்டிய சட்டத்தில் அதே எடைக்கு அரிசிப் பை கட்டி, கடைசி வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் சுமந்து நடந்தால் எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

பூவை முந்தின மாலைதான் கட்ட வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கோவில் முற்றத்தில் பத்துக் காவடி ஒன்றாகக் கட்டும்போது குருத்து கிழிப்பவர் ஒருவர், முடிச்சு போடுபவர் ஒருவர், பூ நீட்டும் பிள்ளை ஒன்று என்று கை மாறும். குருத்தோலையை மடித்துக் கிளி செய்யும் வித்தையை அங்கேதான் கற்கலாம். உங்கள் காவடி முடிந்ததும் எழுந்து போகாமல், கடைசிக் காவடி முடியும் வரை இருங்கள்.

அலகு குத்துபவர்கள்

ஊசி ஒவ்வொருவருக்கும் தனி. உறை பிரிக்காத, கிருமிநீக்கம் செய்த புது ஊசியாக இருக்கட்டும், கையுறை கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி பத்து ஆண்டுக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அலகு குத்தக் கூடாது. ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். எத்தனை ஊசி உள்ளே போயிற்று என்பதை ஒருவர் சத்தமாக எண்ணித் தாளில் எழுத வேண்டும். எடுக்கும்போதும் அதே ஆள் அதே தாளோடு எண்ண வேண்டும். பூமாலைக்கு அடியில் ஓர் ஊசி தங்கிவிடுவது நடக்கிற தவறு.

நாக்கில் சிறு வேல் குத்தினால் அன்று மௌனம். பேச முடியாது, தண்ணீர் குடிப்பதும் கடினம். எனவே கூட வருபவரோடு முந்தின நாளே மூன்று சைகை பேசிவையுங்கள்: மயக்கம் வருகிறது, நிறுத்து, காவடியைப் பிடி. மூன்றும் ஒரே கையால் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், மற்றக் கை காவடியில் இருக்கும்.

சமையற்கட்டு

காவடி எடுக்காதவர்களின் காவடி இதுதான். ஊர்வலம் முடிந்ததும் வாழையிலையில் செத் காரி, அதாவது ஏழு கறிச் சாப்பாடு. பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்தரிக்காய், கீரை, அவரை, தக்காளித் தொக்குபோன்ற ருகாய் என்று கோவிலுக்குக் கோவில் பட்டியல் கொஞ்சம் மாறும். கூடவே ரசம், அப்பளம், பாயசம்.

200 பேருக்குக் கணக்கு: அரிசி 20 கிலோ. ரசம் 20 லிட்டர். ஒவ்வொரு கறிக்கும் சுத்தம் செய்த காய் 14 கிலோ, அதாவது தலைக்கு 70 கிராம். சந்தையில் வாங்கும்போது கழிவைச் சேர்க்க மறக்காதீர்கள். 14 கிலோ பூசணிக்கு 18 கிலோ வாங்க வேண்டும். வாழைக்காய்க்கு 22, பலாக்காய்க்கு 25க்குக் குறையாமல். வாழையிலை பெரியதாக இருந்தால் ஒன்றில் மூன்று துண்டு வரும். கிழிசலுக்கு பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள்.

பலாக்காய் வெட்டுமுன் கத்திக்கும் இரண்டு கைக்கும் நல்லெண்ணெய் தடவுங்கள். தண்ணீரால் பால் போகாது. வாழைக்காயை வெட்டியதும் மஞ்சள் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. சிலர் உப்புத் தண்ணீரில் போடுவார்கள். இங்கே அது கூடாது.

காரணம், இந்தச் சமையலை யாரும் ருசி பார்ப்பதில்லை. முருகனுக்குப் படைத்த பிறகுதான் நாக்கில் படலாம். எனவே உப்பு முழுக்க முழுக்கத் தராசுக் கணக்கு: காய் கிலோவுக்கு 10 கிராம், ரசம் லிட்டருக்கு 7 கிராம். 14 கிலோக் கறிக்கு 140 கிராம், 20 லிட்டர் ரசத்துக்கு 140 கிராம். காய் முன்பே உப்பை இழுத்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

உப்புக்கு ஒரே ஆள்தான் பொறுப்பு. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பெரிய சமையலில் உப்பு கெடுவது இரண்டு விதமாக. அடுப்பைக் கடந்து போகிறவர் அக்கறையோடு ஒரு பிடி போட்டுவிடுவார். அல்லது அவர் போட்டிருப்பார், இவர் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்து யாருமே போடாமல் விட்டிருப்பார்கள். கெட்ட எண்ணம் ஒருவரிடமும் இல்லை, ஆனாலும் 200 இலைக்கும் கறி போச்சு. எனவே அதிகாலையிலேயே ஏழு கறிக்கும் ரசத்துக்கும் உப்பை எட்டுப் பொட்டலமாக நிறுத்துக் கட்டி, மேலே கறியின் பெயர் எழுதி, ஒரே தட்டில் வையுங்கள். உப்புக்காரர் போட்டதும் காலிப் பொட்டலத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டுவார். சுவரைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும், கேள்வி வேண்டாம். அவர் கழிப்பறைக்குப் போனால்கூடத் தட்டை இன்னொருவர் கையில் கொடுத்துப் பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அடுப்படிப் பேச்சு கிரியோலில் பறக்கும். நான்கு சொல் போதும்: தீசெல் என்றால் உப்பு, தேலோ தண்ணீர், தீரி அரிசி, தீஃபே நெருப்பு. “தூஸ்மான்” என்று யாராவது கத்தினால் மெதுவாக என்று பொருள், பின்னால் கொதிக்கும் தேக்சா, அதாவது பெரிய சமையல் பாத்திரம், வருகிறது, அப்படியே நில்லுங்கள். வயதில் மூத்த பெண்களைத் தாந்தின் என்றும் ஆண்களைத் தோந்தோன் என்றும் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம். முதல் ஆண்டில் அடுப்புப் பக்கம் நிற்கக் கேட்காதீர்கள். காய் நறுக்க உட்காருங்கள். எந்தத் தாந்தின் எப்போது தீயைக் குறைக்கிறார் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

சாதத்தை முன்கூட்டி வடித்து ஆழமான தேக்சாவில் அமுக்கி மூடிவைக்கக் கூடாது. இந்தக் கோடையில் நடுச்சோறு சூடு தணியாமல் பிற்பகலுக்குள் வாடை வந்துவிடும். ஐந்து ஐந்து கிலோவாக, ஊர்வலம் நெருங்க நெருங்க வடியுங்கள்.

காவடி நாள்

பாலை முதலில் பார்ப்போம். தீவில் புழங்கும் பாலில் பெரும்பகுதி இறக்குமதிப் பால்மாவு. பசும்பால் வேண்டுமானால் மாடு வைத்திருப்பவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். ஊர்வலம் முடிந்து அபிஷேகம் வரை பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் மனதார வேண்டிக்கொள்வது. நம் பங்குக்குச் செய்யக்கூடியது சுத்தம். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்த பிறகு மூன்று முறை கழுவி, கடைசியில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வெயிலில் காயவையுங்கள். கழுத்து மடிப்பில் புளி ஒரு சொட்டு தங்கினாலும் பால் திரியும். எலுமிச்சம்பழத்தைச் சொம்பு வாயில் சொருகாதீர்கள். வாழையிலைத் துண்டை மூடி, நூலால் கட்டுங்கள்.

இரண்டு சொம்பிலும் ஒரே அளவு ஊற்றுங்கள், அரை அரை லிட்டர். கண்ணால் பார்த்து ஊற்றினால் ஒன்றில் 200 மில்லி கூடிவிடும். சொம்பு தோளிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி நுனியில் தொங்குவதால் அந்தச் சின்ன வித்தியாசமே காவடியை ஒரு பக்கம் சாய்க்கும். அதை நிமிர்த்திப் பிடித்துப் பிடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு கை மரத்துப் போகும்.

ஒரு காவடிக்கு இரண்டு துணையாட்கள் வேண்டும். ஒருவர் முன்னால், தண்ணீர்க் குடுவையோடு, நீங்கள் கால் வைக்கப்போகும் தாரை நனைத்துக்கொண்டு. மற்றவர் பின்னால், முக்காலியும் துண்டும் ஏந்தி, காவடி சாய்ந்தால் பிடிக்க. இருவருக்கும் செருப்பு இருக்கட்டும், சாப்பிட்டிருக்கட்டும். மூவருமே விரதம் என்றால் மயக்கம் போடும்போது தாங்க ஆள் இருக்காது. வழியில் வீட்டுக்காரர்கள் சாலையில் தண்ணீர் தெளிப்பார்கள், காலில் ஊற்றுவார்கள். மதத்தையும் இனத்தையும் யாரும் பார்ப்பதில்லை. தார் தாங்க முடியாமல் சுட்டால் சாலையின் வெள்ளைக் கோட்டின்மேல் நடங்கள். அங்கே சூடு குறைவு.

வரிசையின் வேகம் அதில் மெதுவாக வருபவரின் வேகம். வயதான அம்மா ஒருவர் பால்குடத்தோடு முன்னால் போனால் அவரை முந்தக் கூடாது. முன்னாலிருப்பவரோடு இரண்டு கை நீளம் இடைவெளி போதும். பத்து மீட்டர் விட்டால் நடுவில் கூட்டமும் வண்டியும் புகுந்து பின்வரிசை சிதறும், தொண்டர்கள் ஓட வேண்டியிருக்கும். யாருக்காவது அருள் வந்து ஆடினால் நின்றுவிடுங்கள். அருகில் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். கோவில் மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நடுவழியில் முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். சைகை காட்டி, முக்காலியில் உட்கார்ந்து, துணையாள் காவடியைப் பிடிக்க, நிழலில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுத் தொடரலாம். கண் இருட்டினாலோ வியர்வை திடீரென நின்றாலோ அத்தோடு நிறுத்துங்கள். உங்கள் சொம்பை இன்னொருவர் கோவிலில் சேர்ப்பார். வீம்புக்கு நடந்து கீழே விழுந்தால் பின்னால் வரும் இருபது காவடியும் வெயிலில் நிற்கும்.

இது சூறாவளிக் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். எச்சரிக்கை வகுப்பு உயர்ந்து ஊர்வலத்தைச் சுருக்கினாலோ கோவில் பிராகாரத்துக்குள் நடத்தினாலோ நிர்வாகத்தோடு வாதாட வேண்டாம். பிராகாரம் சுற்றினாலும் வேண்டுதல் சேர்ந்துவிடும்.

முடிந்த பிறகு

அபிஷேகத்துக்குப் பால் கொடுத்ததும் அலகை எடுப்பார்கள். திருநீறு வைத்து அழுத்துவது வழக்கம். வீட்டுக்குப் போனதும் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாளில் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பாதக் கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். பத்து நாள் சுருங்கிய வயிற்றுக்கு ஏழு கறியும் இரண்டாம் முறை வாங்காதீர்கள்.

காப்பை எப்போது அவிழ்ப்பது என்று பூசாரி சொல்வார். அதுவரை கையில் இருக்கட்டும், விரதமும் இருக்கட்டும். சட்டத்திலிருந்து பூவையும் ஓலையையும் நீங்களே பிரித்து, ஆணி முடிச்சு பார்த்து, துணியால் துடைத்து, பெயர் எழுதிக் கோவில் பரணில் ஏற்றிவிடுங்கள். இரவல் சொம்பை உலர்த்தித் திருப்பிக் கொடுங்கள்.

பந்தி முடியும்போது முற்றத்தில் 200 எச்சில் இலையும், அடிப்பிடித்த ஒன்பது தேக்சாவும் இருக்கும். கூட்டம் கலைந்திருக்கும். அதிகாலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் அப்போதுதான் சாப்பிட உட்காருவார்கள். அவர்களுக்கு நீங்கள் பரிமாறுங்கள். தேக்சாவில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டால் மறுநாள் காலை தேய்ப்பது எளிது. அதற்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று போகும்போது தாந்தினிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.